தாழ்ப்பாள் சேராத வீடு

இருட்டின பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. மணலில் வள்ளத்தை இழுத்துக் கரையேற்றும்போது அடிப்பலகை கிளிஞ்சலோடு உரசி, ஒரு மூச்சு நின்று, மறுபடியும் உரசுமே, அந்தச் சத்தம். தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த ஜெனிட்டாவுக்கு அது தூக்கத்திலும் அடையாளம் தெரிகிற சத்தம். ஆனால் அவள் படுத்திருந்ததோ அமெரிக்காவின் நடுவயிற்றில், ஐயோவா மாநிலத்தில், ஆல்டர்டன் என்கிற சின்ன நகரத்தில், எந்தத் திசையில் கார் ஓட்டினாலும் கடலைப் பார்க்க நாள்கணக்காகிற, சுற்றிலும் மக்காச்சோளம் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊரில். பக்கத்தில் கைக்குழந்தை இவா அழுது அழுது தொண்டை கட்டி அப்போதுதான் ஓய்ந்திருந்தாள். கணவன் ஆன்றோ ஊருக்கு வெளியே முட்டைப்பொடித் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தான். சத்தம் இன்னொரு தரம் வந்தது. கட்டில் லேசாக ஆடியது, கூரையிலிருந்து கொஞ்சம் தூசி உதிர்ந்தது. ஜெனிட்டா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து, முன்பக்க ஜன்னல் திரையை விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தாள்.

எதிர்வீட்டு மார்லிஸின் வாசல் விளக்கு நேற்று எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது. இன்று சாத்துக்குடி அளவுக்குத் தெரிந்தது.

விடிந்து வெளிச்சத்தில் பார்த்தபோது சந்தேகமே இல்லை, மார்லிஸின் மஞ்சள் வீடு கிட்டே வந்திருந்தது. வீடு மட்டும் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதன் புல்வெளி, அதன் தபால்பெட்டி, குருவி குளிக்கிற கல்தொட்டி, பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு, மூலையில் நிற்கிற ஓக் மரம், தெருவிளக்கு எல்லாமாகச் சேர்ந்து ஒரு சாண் இரண்டு சாண் முன்னால் வந்து, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் மாதிரி நின்றன. தபால் கொண்டுவருகிற பெண் வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"கொஞ்சம் கிட்ட வந்திருச்சு போல?" என்றாள்.

"ஆமா, கொஞ்சம்," என்றாள் ஜெனிட்டா.

"நல்லதுதான். எனக்கு நடை மிச்சம்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஆல்டர்டன் அப்படிப்பட்ட ஊர். ஒரே ஒரு சிக்னல், அதுவும் ராத்திரியில் மஞ்சளாக இமைத்துக்கொண்டே இருக்கும். உயரமான தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். காற்று மேற்கிலிருந்து அடித்தால் ஊர் முழுக்க அவித்த முட்டை வாடை வீசும், ஆனால் வாடை வீசுகிறது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பந்தாட்டம், ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிலவறையில் சாப்பாடு. எதிரே கார் வந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம். முகத்துக்கு நேரே மனம் நோகிற பேச்சு கிடையாது. ஒருத்தர் வீட்டுக் கூரை பற்றி எரிந்தாலும், "இன்னிக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர்க் குழாயை எடுப்பார்கள் என்று ஆன்றோ சொல்லிச் சிரிப்பான்.

ஆகவே எல்ம் தெருவில் வீடுகளுக்கு நடுவே இருந்த இடம் ராத்திரிக்கு ராத்திரி சுருங்கி வந்ததையும் ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஆட்கள் விசிலடித்துக்கொண்டே வந்து மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் தெருவே ஜெனிட்டாவின் வீட்டுக்கு அடியில் புகுந்து பின்பக்கம் வெளியே வந்துவிட்டது. அதற்கும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, சாலை மறிக்கிற ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வண்டிகளைச் சுற்றிப் போகச் சொன்னார்கள், வண்டிகளும் சுற்றிப் போயின. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற மார்லிஸ் தன் பேருந்தைத் திருப்புகிற இடத்தை மாற்றிக்கொண்டாள், துணி காயப்போடும் கொடியை அவிழ்த்தாள், வேலிச்செடியைத் தரையோடு வெட்டினாள், குருவித் தொட்டியைப் பின்வாசலுக்கு உருட்டினாள். வாரப் பத்திரிகையில், மரண அறிவிப்புக்கும் பந்தாட்ட முடிவுக்கும் நடுவில், "எல்ம் தெருவில் சற்று நெருக்கம்" என்று ஒரு வரி வந்தது. கடைத்தெருக் காப்பிக்கடையில், எந்த வாரம் இரண்டு வாசலும் முட்டும் என்று ஆப்பிள் பைப் பலகாரத்தைப் பந்தயம் கட்டியிருப்பதாக ஆன்றோ கேள்விப்பட்டு வந்து சொன்னான்.

இத்தனை சாந்தமாக ஒரு ஊர் நடந்துகொள்கிறது என்றால் அதற்கு உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஜெனிட்டா நினைத்தாள். கான்வென்ட்டில் படித்தவள், சிஸ்டர்கள் எந்தக் காரியத்தைப் பற்றி மிகவும் சாந்தமாகப் பேசுகிறார்களோ அந்தக் காரியத்துக்குத்தான் பிற்பாடு அடி விழும் என்று அங்கே அவள் தெரிந்துகொண்டிருந்தாள். அவள் போனில் ஐயோவா தமிழ் அம்மாக்கள் குழு ஒன்று இருந்தது. அதில் அடிக்கடி ஒரு கதை வரும்: ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு நம்ம ஊர்ப் பிள்ளை விடாமல் அழுதது, பக்கத்து வீட்டுக்காரர்கள் போன் செய்தார்கள், இரண்டு பேர் காரில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது யாருக்கு நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவருக்குத் தெரிந்தவருக்கு நடந்தது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இவாவோ அழுகிற பிள்ளை. பசிக்கு அழுவாள், பசி தீர்ந்ததற்கு அழுவாள், ஈறு தினவெடுத்து அழுவாள், சும்மாவும் அழுவாள். எந்த ராத்திரி அவள் அதிகமாக அழுகிறாளோ அந்த ராத்திரிதான் வள்ளம் இழுக்கிற சத்தம் வருகிறது என்பதை ஜெனிட்டா கண்டுபிடித்தாள். ஊர் அழுகையை ஒட்டுக்கேட்க வருகிறது. தூரத்திலிருந்து கேட்டது போதாமல், ஒவ்வொரு வீடாகக் காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே வருகிறது. அன்றிலிருந்து அவள் பிள்ளை அழுதால் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகையை அமுக்கப் பார்த்தாள். பின்பக்க ஜன்னல் திரைகளை எப்போதும் மூடியே வைத்தாள். அந்தப் பக்கம் சோளக்கொல்லையின் இருட்டு அவளுக்கு ஆகாது.

இதற்கு நடுவில் பாத்திரங்கள் வேறு. அந்த ஊரில் புதிதாகப் பிள்ளை பெற்றவள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற வழக்கம் உண்டு. நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் கோழியும் ஒன்றாகக் கிடந்து அடுப்பில் வெந்த கண்ணாடிப் பாத்திரங்கள் வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பட்டை ஒட்டி அதில் சொந்தக்காரியின் பெயர். பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் பெற்றவள் நலமாக இருக்கிறாள் என்று அர்த்தம். திரும்பி வரவில்லை என்றால் இன்னும் நலமில்லை என்று இன்னொரு பாத்திரம் வரும். இந்தக் கணக்கை ஜெனிட்டாவுக்கு யாரும் சொல்லவில்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் அவர்கள் கதவைத் தட்டவேண்டும், வெறும் பாத்திரமாகக் கொடுக்கவும் கூடாது, அதற்கு ஏதாவது செய்யவேண்டும், பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்று அவள் ஒவ்வொன்றாக அடுக்கிவைத்தாள். அடுக்கு உயர உயரப் பாத்திரங்கள் இன்னும் வந்தன. வேவு பார்க்க ஒரு சாக்கு என்று அவள் முடிவு செய்தாள்.

ஒருநாள் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு டுவெயினின் இரும்புக்கடைக்குப் போனாள். டுவெயின்தான் அந்த ஊர் மேயரும். தீயணைப்பு வண்டியின் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

"உள்பக்கம் போடுற தாழ்ப்பாள் வேணும்," என்றாள்.

டுவெயின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இங்க கொட்டகைக்குத்தான் தாழ்ப்பாள் வாங்குவாங்க. கன்னுக்குட்டி வெளிய போகாம இருக்கவா, நரி உள்ள வராம இருக்கவா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப பெரிசாவே எடுத்துக்க." சிரித்துக்கொண்டே ஒரு முழு இரும்புத் தாழ்ப்பாளைத் தூசி தட்டி வைத்தார். "நான் வந்து மாட்டித் தரட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். என் வீட்டுக்காரர் மாட்டுவார்."

"பார்த்து மாட்டச் சொல்லு. நிலை கொஞ்சம் கோணியிருக்கும்."

தன் வீட்டு நிலை கோணியிருப்பது இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும் என்று வீடு வரும்வரை அவள் யோசித்தாள். அந்த வாடகை வீட்டுக் கதவில் சாவித் துவாரம் உண்டு, சாவி கிடையாது. அது தன் அப்பா காலத்திலேயே தொலைந்துவிட்டது, யாரும் தேடவில்லை என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். ஆன்றோ தாழ்ப்பாளை மாட்டினான். சாயங்காலம் கச்சிதமாக விழுந்தது. அன்று ராத்திரி இவா அழுதாள், சத்தம் வந்தது, காலையில் பார்த்தால் தாழ்ப்பாள் துவாரத்துக்கு ஒரு விரல் மேலே நின்றது. துவாரத்தை மேலே வெட்டினான். அடுத்த நாள் தாழ்ப்பாள் கீழே நின்றது. அதற்கும் அடுத்த நாள் பக்கவாட்டில். நிலை முழுக்கக் கறையான் தின்ற மாதிரி பொத்தல்.

"வீடு இறங்குதுட்டி. பழைய வீடு, அஸ்திவாரமே கிடையாது, கல்லு மேல உக்காந்திருக்கு," என்றான் ஆன்றோ, உளியைக் கீழே போட்டுவிட்டு.

"இறங்குற வீடு பக்கவாட்டுல எப்படி இறங்கும்? அவங்க எல்லாரும் வந்து நெருக்குறாங்க. அதான் கோணுது."

"நீ ராத்திரி தூங்குறியா ஜெனி?"

"நேத்து முன்னால கிடந்த தெரு இன்னிக்குப் பின்னால கிடக்கு. அதுவும் நான் தூங்காததுனாலயா?"

"முனிசிபாலிட்டி மாத்தியிருக்கும்."

அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கதவுக்குக் கொண்டி போட்டுட்டுப் படுக்கியா மக்கா?"

"போட்டுட்டுதாம்மா படுக்கேன்," என்று ஜெனிட்டா பொய் சொன்னாள்.

அந்தி நேரங்களில் மார்லிஸும் டுவெயினும் டார்ச்சும் அளவு நாடாவுமாக அவள் வீட்டைச் சுற்றி வருவதையும் அவள் பார்த்துவிட்டாள். குனிந்து எதையோ அளக்கிறார்கள், மரக்கட்டையை எங்கேயோ வைத்து மெல்லத் தட்டுகிறார்கள், காதோடு காதாகப் பேசுகிறார்கள். திரை அசைந்ததும் மார்லிஸ் நிமிர்ந்து, நிலாவைப் பார்க்க வந்தவள் மாதிரி கையை ஆட்டினாள். ஜெனிட்டாவும் கையை ஆட்டினாள்.

கடைசியில் ஆன்றோவுக்கு விடுமுறை கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாசல்ல நின்னு கூப்பிடுறாங்க, ஒருதரமாவது போகலேன்னா நல்லாவா இருக்கும்?" என்று அவன் வற்புறுத்தியதால், சர்ச் நிலவறைச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நீளமான மேசைகள், காகிதத் தட்டுகள், எங்கே பார்த்தாலும் உருளைக்கிழங்கு.

"இதுல மிளகு போட்டிருக்கேன், ஜாக்கிரதை," என்று மார்லிஸ் ஒரு கரண்டி வைத்தாள். தேடிப் பார்த்தால் ஒரு மிளகு இருந்தது. "நேத்து டுவெயின் இதைத் தின்னுட்டு ஒரு குடம் தண்ணி குடிச்சான்."

"மேயருக்கு எதிரா சதி," என்றார் டுவெயின்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டாவும் சிரித்தாள். ஒரு நொடி நெஞ்சு இளகியது. அதற்குள் இவா முகத்தைச் சுளித்து அழ ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட கொடேன் ஹனி, நீ சாப்பிடு," என்று மார்லிஸ் கையை நீட்டினாள்.

"வேண்டாம். அழுவா."

"அழட்டுமே. இந்த ஊர்ல அழாதது யாரு?"

நீட்டிய அந்தக் கைகளைப் பார்த்ததும் ஜெனிட்டா பிள்ளையை இன்னும் இறுக்கினாள். அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், பக்கத்து மேசையில், இரண்டு பெண்கள் அடக்கமான குரலில் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

"எல்லாம் அந்தப் பிள்ளை அழறதுனாலதான் வருது."

"ஷ்ஷ். சொல்லிக் காட்டாத. பாவம்."

இத்தனை நாள் அவள் மட்டும் அறிந்ததாக நினைத்திருந்த ரகசியம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. ஆன்றோ தட்டும் கையுமாக யாரோடோ முட்டைப்பொடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "நான் முடிச்சிட்டு வாரேன், நீ முன்னால போ," என்றான். அவள் படியேறி வெளியே வந்து, அழுகிற பிள்ளையோடு எல்ம் தெருவில் வேகமாக நடந்தாள். வெயில் இன்னும் மிச்சமிருந்தது. ஊரே நிலவறையில் இருந்ததால் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இவாவின் அழுகை தெருவின் இரண்டு பக்கமும் பட்டுத் திரும்பியது.

அப்போது சத்தம் வந்தது. பகலில், முதல்தடவையாக, வெளியே நின்று அவள் அதைக் கேட்டாள்.

மார்லிஸின் மஞ்சள் வீடு இருந்த இடத்தில் இருந்தது. ஓக் மரம் இருந்த இடத்தில் இருந்தது. தெருவிளக்கு அசையவில்லை. அசைந்தது அவள் வீடு. ஜெனிட்டா குடியிருந்த அந்த வெள்ளை வீடு, முன்திண்ணையில் காயப்போட்ட இவாவின் சட்டைகளோடு, முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, புல்லின்மேல் உரசிக்கொண்டு, ஒரு மூச்சு நின்று, மறுபடி உரசிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால், தெருவைக் குறுக்கே வெட்டி, சோளக்கொல்லை ஓரம்வரைக்கும், வள்ளம் இழுத்த தடம் மாதிரி புல் முளைக்காத மண் கிடந்தது. அவள் திறந்தே பார்க்காத பின்ஜன்னல்கள் எல்லாம் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எட்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்த சிஸ்டர் அர்சுலா, ரயிலில் போகும்போது மரமா ஓடுகிறது என்று கேட்டு, ஆமாம் என்ற பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றினார். ஜெனிட்டா அன்று பெஞ்சு மேல் நின்றாள். இன்றும் நின்ற மாதிரியே முகம் சுட்டது. கட்டில் ஆடியது, தூசி உதிர்ந்தது, தாழ்ப்பாள் கோணியது. எல்லாம் அவள் வீட்டுக்குள்ளிருந்தே அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஊர் வேலியை வெட்டியது, கொடியை அவிழ்த்தது, தெருவைத் திருப்பியது, அடியில் கட்டை வைத்துத் தாங்கியது, அவள் மனம் நோகும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல். அப்படித்தான் இருக்கவேண்டும். அல்லது அப்படி நினைக்கவைக்கத்தான் இதெல்லாமா? அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பின்னால் ஒரு வண்டி மெதுவாக வந்தது. டுவெயின். நகர்கிற வீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார், கூம்புகளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சாம்பல் நிறக் கார் வந்தது. அதிலிருந்து இறங்கின பெண், கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் குழந்தைகள் பிரிவிலிருந்து வருவதாகச் சொன்னாள். பெயர் போடாமல் ஒருவர் புகார் எழுதியிருக்கிறார்; ஓயாமல் அழும் குழந்தை, ஓரிடத்தில் நிற்காத வீடு. ஜெனிட்டா பிள்ளையை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டாள். எவ்வளவோ நாளாக அவள் கனவில் வந்து போன கார்தான் அது, நிறம்கூடத் தப்பவில்லை.

தகவல் எப்படிப் போனதோ, புல்வெளியில் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"வரைபடத்துல இந்த வீடு தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கு," என்றாள் கவுண்டிப் பெண்.

"வரைபடம் போட்டவன் எங்க மாமா," என்றார் டுவெயின். "காலையிலேயே குடிப்பாரு."

"இந்த வீடு எப்பவும் இங்கதான்," என்றாள் மார்லிஸ்.

"தெரு பின்பக்கம் போகுதே?"

"எப்பவும் பின்பக்கம்தான்," என்றாள் தபால்காரி. "எனக்கு நடை மிச்சம்."

"அந்த மண்தடம்?"

ஊர் முழுக்கத் திரும்பி அந்த நீண்ட தடத்தைப் பார்த்தது. ஊர் முழுக்கக் கொஞ்ச நேரம் யோசித்தது. "இந்த வருஷம் மழை கம்மி," என்றார் டுவெயின் கடைசியில், எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

ஜெனிட்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை பேர் இத்தனை அழகாகப் பொய் சொல்கிறார்கள். ஆனால் புகார் எழுதின கை இந்தக் கைகளில் ஒன்று. வேறு யாருக்குத் தெரியும் இவாவின் அழுகை?

கவுண்டிப் பெண் கெட்டவள் இல்லை, களைத்துப் போயிருந்தாள். "பாருங்கம்மா," என்று ஜெனிட்டாவிடம் தணிந்த குரலில் சொன்னாள், "இன்னிக்கு ராத்திரி நான் இங்கேயே கார்ல இருக்கப்போறேன். கைக்குழந்தை இருக்கிற வீடு நகருதுன்னு என் கண்ணால பார்த்துட்டா, குழந்தையை வேற இடத்துல வைக்கச் சொல்லித்தான் நான் எழுதணும். நகரலேன்னா, காலைல போயிடுவேன்."

ஆன்றோவுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. உலர்த்தி இயந்திரம் நின்றுபோய்த் தொழிற்சாலையே அல்லோலகல்லோலப்பட்டது. "வேலையை விட்டுட்டு வந்துரட்டா?" என்று போனில் கேட்டான். வேலை போனால் விசா போகும். "வேண்டாங்க," என்றாள்.

இருட்டியது. காரின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வட்டமான முகம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மார்லிஸின் வாசல் விளக்கு இப்போது பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒதுங்கி நிற்கிற இடம்தான். தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். துவாரத்துக்கு அரை விரல் தள்ளி நிலையில் இடித்தது.

இவா தூக்கத்தில் உதட்டைப் பிதுக்கினாள். விரலை வாயில் போட்டுக் கடித்தாள். ஒரு சிணுங்கல் வந்தது. ஜெனிட்டா தூக்கினாள், தட்டினாள், பால் கொடுத்துப் பார்த்தாள், அந்தோணியாரைக் கூப்பிட்டாள். குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறக்கலாம். ஆனால் வெளியே இருக்கிற பெண்ணின் காதை ஏமாற்றினாலும் வீட்டை ஏமாற்ற முடியாதே. காலுக்கு அடியில் தரை மெல்லத் துடித்தது, தண்ணீரில் தள்ளுவதற்கு முன்னால் கை வைத்ததும் வள்ளம் ஒரு குலுக்குக் குலுக்குமே, அந்த மாதிரி. இந்த வீட்டுக்கு எங்கே போகவேண்டும் என்பது அந்தத் துடிப்பில் அவளுக்குப் புரிந்தது. அவள் ஒரு தடவையும் போகாத இடத்துக்குத்தான் அது இத்தனை நாளும் போய்க்கொண்டிருந்தது. அவள் தட்டாத கதவைத் தட்டத்தான்.

அடுக்கிவைத்த பாத்திரங்களில் மேலே இருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பட்டையில், மார்லிஸ். வெறுமனே கொடுக்கக் கூடாது. டப்பாவிலிருந்து ஒரு கை சர்க்கரையை அள்ளி அதில் போட்டாள். பிள்ளை ஒரு கையில், பாத்திரம் ஒரு கையில், கதவைத் திறந்து வெளியே கால்வைத்து, ஒரே எட்டில் மார்லிஸின் வாசலுக்குப் போய், பாத்திர விளிம்பால் தட்டினாள்.

தலையில் முடி சுருட்டுகிற சுருள்கட்டைகளோடு மார்லிஸ் கதவைத் திறந்தாள், காத்திருந்தவள் மாதிரி.

"பாத்திரம்," என்றாள் ஜெனிட்டா. "ரொம்ப நாளா வச்சிருந்துட்டேன்."

மார்லிஸ் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "சர்க்கரையா?"

"எங்க ஊர்ல வெறும் பாத்திரமா திருப்பித் தரமாட்டோம்."

"எங்க ஊர்ல கழுவித் தருவாங்க," என்றாள் மார்லிஸ், விரலால் தொட்டு நக்கிக்கொண்டே. "சரி, இது அதைவிட நல்லாயிருக்கு."

ஜெனிட்டா சிரிக்கவில்லை. "அந்தப் புகாரை எழுதினது நீங்களா?"

மார்லிஸ் கழன்ற ஒரு சுருள்கட்டையைத் திருகி இறுக்கினாள். அந்த ஊரில் யாரும் யாரிடமும் இப்படி நேராகக் கேட்டதில்லை. "ஆமான்னு சொன்னா என்ன பண்ணுவ?"

இவா வாயைத் திறந்தாள். இன்னும் குரல் வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வெள்ளை வீட்டின் வாசற்படி புல்லை உரசி ஒரு சின்ன முனகல் கேட்டது. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் முகம் நிமிர்ந்தது.

"அவ அழப்போறா," என்றாள் ஜெனிட்டா. "என்னால தனியா முடியல. உள்ள வாங்க."

மார்லிஸ் பாத்திரத்தைத் தன் வாசலிலேயே வைத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் வந்தாள். உள்ளே வந்ததும் கையை நீட்டினாள். ஜெனிட்டா அந்தக் கைகளைப் பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த, பெரிய, சிவந்த கைகள். பிறகு பிள்ளையைக் கொடுத்தாள்.

இவா அழுதாள். இதுவரைக்கும் அழுத அழுகை எல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி, தொண்டையைத் திறந்து, கால்களை உதைத்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். மார்லிஸ் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பேருந்தில் பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில், "அழு, அழு, நல்லா அழு, யாரு கேக்கா?" என்று கூடத்தில் மேலும் கீழும் நடந்தாள். ஜெனிட்டா மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்தாள். துடிப்பு ஒரு தரம் வந்தது. பிறகு வரவில்லை. வீடு, கரையேறின வள்ளம் மாதிரி, தன் முழுக் கனத்தையும் மண்ணில் இறக்கி உட்கார்ந்தது. நிலை மெல்ல முனகி நேரானது. வெளியே கார் அப்படியே நின்றது. அதன் கதவு திறக்கவில்லை.

அவள் எழுந்து கதவுக்குப் போனாள். எழுதினது யார் என்று அவளுக்குத் தெரியாது. காலையிலும் தெரியாது, பிறகு எந்த நாளும் தெரியப்போவதில்லை. எழுதினவர் வெளியே ஏதோ ஒரு வீட்டில் ஒன்றும் தெரியாத முகத்தோடு தூங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது இதோ, அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, அவள் கூடத்திலேயே நடந்துகொண்டிருக்கலாம். யாரை வெளியே வைக்கிறோம், யாரை உள்ளே வைக்கிறோம் என்று தெரியாமலேயே ஜெனிட்டா இரும்புத் தாழ்ப்பாளில் கைவைத்துத் தள்ளினாள். அது எங்கேயும் இடிக்காமல் போய்த் துவாரத்துக்குள் முழுசாக விழுந்தது.